ஊஞ்சலுக்கும் தூளிக்கும் கொக்கி: மேல்தளத்தில் எதை நம்பித் தொங்கவிடலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடிக் கட்டடத்தில் உங்களுடையது மேல் மாடி வீடு. சொந்த வீடு, கட்டி 12 வருடம் ஆகிறது. அம்மாவுக்குக் கூடத்தில் ஒரு தேக்குப் பலகை ஊஞ்சல் வேண்டும். இரண்டு மாதத்தில் குழந்தை பிறக்கப்போகிறது, அதற்குப் படுக்கையறையில் தூளி கட்ட ஒரு கொக்கி வேண்டும். கட்டும்போது இவற்றுக்கென்று எங்குமே கொக்கி விட்டு வைக்கவில்லை. ஹார்டுவேர் கடையில் கேட்டால், "நாலு பாஸ்னர் அடிங்க சார், ஒரு டன் தாங்கும்" என்கிறார்கள். நம்பலாமா?

தூளிக்கு நம்பலாம், சரியாகப் போட்டால். ஊஞ்சலுக்கு, தளத்தின் அடிப்பக்கத்தில் அடித்த பாஸ்னரை (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) மட்டும் நம்பி என் வீட்டு ஆட்கள் யாரையும் நான் உட்கார விட மாட்டேன். உங்கள் தலைக்கு மேலே மொட்டைமாடிதான் என்பதால் ஊஞ்சலுக்கு இதைவிட நல்ல வழி உங்களுக்கு இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் பாஸ்னர் ஏன் போதாது என்பதைச் சொல்ல வேண்டும். காரணம் புரிந்துவிட்டால், வேலைக்கு வருகிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கான்கிரீட் மேலிருந்து அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுவைக்கு அதற்கு இருக்கும் வலு, அழுத்தத்துக்கு இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். தளத்துக்குள் கம்பி போடுவதே அதற்காகத்தான். தளம் தன் பாரத்தால் நடுவில் கீழே தொய்யப் பார்க்கும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டின் கனம் முக்கால் அங்குலம் அளவுதான். கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் போர்வை அது. அதற்கும் கீழே சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, பெயிண்ட். ஆக, தளத்தின் அடியிலிருந்து துளை போடும்போது நாம் நுழைவது தளத்தின் மிகப் பலவீனமான பக்கத்தில். சுவரில் ஒரு படம் மாட்டினால் ஆணி பக்கவாட்டில் சுமையைத் தாங்கும், கொஞ்சம் தளர்ந்தாலும் உடனே விழாது. மேல்தளத்தில் அப்படி இல்லை. ஈர்ப்பு விசை, ஆணி உள்ளே போன அதே பாதையில் அதை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும், இரவும் பகலும்.

பாஸ்னர் என்று கடையில் சொல்வது ஆங்கர் ஃபாஸ்டனர். நட்டை முறுக்கும்போது போல்ட்டின் நுனியில் இருக்கும் கூம்பு மேலுறைக்குள் ஏறி அதை விரிக்கும். விரிந்த உறை துளையின் சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மேல் இழுத்தால் பல நேரம் போல்ட் அறுவதில்லை. போல்ட்டைச் சுற்றியுள்ள கான்கிரீட்டே ஒரு கூம்பாகப் பிய்ந்து வரும். ஆழம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் நாலாபுறமும் அந்தக் கூம்பு அகலும். இரண்டரை அங்குலம் உள்ளே போன போல்ட் என்றால், சுற்றிலும் ஏறத்தாழ நாலு அங்குலம். இதனால்தான் ஆழம் முக்கியம். தளத்தின் ஓரத்திலோ இன்னொரு பாஸ்னருக்குப் பக்கத்திலோ நெருக்கி அடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

அந்தக் கூம்பை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். 2003-இல் என் அக்கா வீட்டு ஊஞ்சல் விழுந்த மறுநாள். கொக்கி போட ஆளை அனுப்பி வைத்தது நான். நாலு கொக்கியும் மூன்று அங்குல பாஸ்னர், நல்ல கடைச் சரக்கு. எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் மூன்று பிள்ளைகள் ஏறி வேகமாக ஆடியிருக்கிறார்கள். ஒரு கொக்கி பிடுங்கிக்கொண்டது, பலகை ஒரு மூலையாகச் சாய்ந்தது, பெரியவன் கீழே விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மறுநாள் போய் விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். வாய் அகன்ற கூம்பு மாதிரி இருந்தது. அதன் குறுகிய முனையில் போல்ட்டின் நுனி. ஆனால் அந்தக் கூம்பில் ஜல்லி தெரிந்தது நுனிப்பக்கம் மட்டும்தான், மீதி முழுக்க வெறும் பூச்சு மணல். கான்கிரீட் ஊற்றும்போது அடியில் தாங்கும் சென்ட்ரிங் பலகை தொய்ந்த இடத்தில் தளம் மேடும் பள்ளமுமாக இருந்திருக்கிறது. அதைச் சமன் செய்யக் கொத்தனார் அந்த இடத்தில் மட்டும் ஒன்றே கால் அங்குலத்துக்குப் பூச்சு ஏற்றியிருக்கிறார். மூன்று அங்குல போல்ட்டில் நட்டும் வாஷரும் கொக்கியும் போக இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட உள்ளே போயிருக்கிறது. அதில் ஒன்றே கால் அங்குலம் பூச்சுக்குள். கான்கிரீட்டைப் பிடித்திருந்தது ஒரு அங்குலம். அன்றிலிருந்து எந்தத் தளத்தில் துளை போட்டாலும் முதலில் ஒரு சின்னத் துளை போட்டு, பூச்சு எத்தனை, கான்கிரீட் எங்கே தொடங்குகிறது என்று அளந்த பிறகுதான் போல்ட்டின் நீளத்தையே முடிவு செய்கிறேன். டிரில் பூச்சுக்குள் போகும்போது வெண்ணெயில் போவது போல இறங்கும். கான்கிரீட்டில் முட்டியதும் சத்தமும் மாறும், கையில் உதறலும் மாறும், விழும் தூளின் நிறமும் மாறும். பக்கத்தில் நின்றால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, ஊஞ்சல் எவ்வளவு பாரம் தொங்கவிடுகிறது என்று கணக்குப் போடுவோம். 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குல கனத்தில் தேக்குப் பலகை என்றால் ஏறத்தாழ 30 கிலோ. பித்தளைச் சங்கிலி நாலும் சேர்த்து 15 கிலோ என்று வையுங்கள். பெரியவர்கள் இரண்டு பேர் 140 கிலோ. மொத்தம் 185. இது ஆடாமல் சும்மா இருக்கும்போது. ஆடும்போது பலகை அடிப்புள்ளியைக் கடக்கும் நேரத்தில் பாரம் கூடும். நேர்க்கோட்டிலிருந்து 30 டிகிரி வரை ஆடினால் அது கிட்டத்தட்ட 1.27 மடங்கு, 45 டிகிரி என்றால் 1.6 மடங்கு. பிள்ளைகள் வேகமாக உந்தினால் 45 டிகிரி ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆகவே 300 கிலோ என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

அடுத்து பலரும் செய்யும் தப்பு, 300-ஐ நாலால் வகுத்து ஒரு கொக்கிக்கு 75 கிலோ என்பது. அப்படிச் சமமாகப் பிரியாது. தரை சமமில்லாத இடத்தில் நாற்காலியைப் போட்டால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும் இல்லையா, அதுபோலத்தான் நாலு சங்கிலியும். ஒரு கண்ணி நீளம் வித்தியாசம் இருந்தாலும் எதிர்மூலைச் சங்கிலிகள் இரண்டே முழுப் பாரத்தையும் வாங்கும். ஆக ஒவ்வொரு கொக்கியும் 150 கிலோவுக்கு. மனிதர்கள் உட்காரும் பொருளுக்கு நான் 5 மடங்கு வைத்துத்தான் பார்ப்பேன்: ஒரு கொக்கிக்கு 750 கிலோ. கடைக்காரர் சொல்லும் 'ஒரு டன்' பொய் என்று சொல்ல வரவில்லை. அது விரிசல் இல்லாத நல்ல கான்கிரீட்டில், சுத்தமான துளையில், சொன்ன ஆழம் முழுவதும் போன ஆங்கரை, ஆட்டாமல் அசைக்காமல் நேராக இழுத்து, பிடுங்கிக்கொண்டு வந்தபோது பார்த்த எண்ணாக இருக்கலாம். உங்கள் வீட்டு ஊஞ்சல் தினமும் நூறு தரம் முன்னும் பின்னும் இழுக்கும்.

இப்போது உங்களுக்கான வழி. மொட்டைமாடி வரை தளத்தை முழுக்கத் துளைத்து, மேலே ஒரு இரும்புத் தகடு வைத்து, அதிலிருந்து கம்பியைக் கீழே இறக்குவது. பாரம் அப்போது தளத்தைக் கீழே இருந்து பிய்க்காது, மேலே இருந்து அழுத்தும். கான்கிரீட்டுக்கு எது நன்றாக வருமோ அந்த வேலையை அதனிடம் கொடுக்கிறோம். 16 மி.மீ. மரை போட்ட கம்பி, மேலே 6 அங்குலச் சதுரத்தில் 10 அல்லது 12 மி.மீ. கனத் தகடு, அதன்மேல் நட்டு, அந்த நட்டைப் பூட்ட இன்னொரு நட்டு. கீழே தளத்தை ஒட்டி இன்னொரு தகடும் நட்டும். இரண்டு தகடுக்கும் நடுவில் தளம் இறுகி நிற்கும், கம்பி ஆடாது. சாதாரண மைல்டு ஸ்டீலாக இருந்தாலும் 16 மி.மீ. மரைக் கம்பி நீளத் தொடங்கவே சுமார் 4 டன் இழுவை வேண்டும். கூடுதல் பணம் போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் வாங்குங்கள். கடலோர ஊர் என்றால் 316. மேலே மழையும் கீழே வீடும் உள்ள துளையில் நிற்கப்போகும் கம்பி அது.

இதில் ஒரு இடத்தில் பல பேர் கோட்டை விடுகிறார்கள். மொட்டைமாடியில் நாம் மிதிக்கும் தட்டை ஓடு (தட்டோடு) தளம் அல்ல. தட்டோட்டுக்குக் கீழே, பழைய முறை என்றால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று நாலு அங்குலப் படுகை இருக்கும். அதற்கும் கீழேதான் கான்கிரீட். தகட்டை அந்தப் படுகையின் மேல் வைத்து நட்டை முறுக்கிவிட்டுப் போனால், இரண்டு மழைக்காலத்தில் படுகை நொறுங்கி நட்டு தளர்ந்துவிடும். தட்டோட்டை ஓரடிச் சதுரத்துக்கு வெட்டியெடுத்து, கான்கிரீட் முகம் தெரியும்வரை இறங்கி, சுத்தம் செய்து, சுருங்காத கிரவுட் சிமெண்டில் தகட்டை உட்கார வைக்க வேண்டும். துளையில் கம்பியைச் சுற்றி இருக்கும் இடைவெளியையும் அதே கிரவுட்டால் நிரப்ப வேண்டும். அப்புறம் வாட்டர்புரூஃபிங், அதன்மேல் மறுபடி படுகை, தட்டோடு. அந்த இடத்தைச் சுற்றிலும் உள்ளதைவிடக் கொஞ்சம் மேடாக முடித்தால் தண்ணீர் தேங்காது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்து, மாடியில் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி ஒழுகலைப் பார்த்துவிடுங்கள். மொட்டைமாடி பொதுச் சொத்து என்பதால் குடியிருப்போர் சங்கத்தில் எழுத்தில் சம்மதம் வாங்குவதும் அவசியம்.

எந்த இடத்தில் கொக்கி? அறையின் நட்டநடுவில் வேண்டாம். தளம் அதிகமாகத் தொய்யும் இடம் அது. பீமை நோக்கி நகர நகர நல்லது. ஆனால் ஆட இடம் வேண்டும். சங்கிலி 8 அடி என்றால் 30 டிகிரிக்கே பலகை முன்னும் பின்னும் 4 அடி போகும், அதற்கு மேல் கால் நீட்டும் நீளம். இந்த இரண்டையும் சமாளிக்கும் இடத்தை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டிக் குறித்து வாங்குங்கள். ஒரு அரைமணி நேர வேலை அது. அதற்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். தளம் மொத்தத்தில் தாங்குமா என்ற பயம் வேண்டாம். போய்வரக்கூடிய மொட்டைமாடித் தளத்தையே சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரம் என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள், அறை முழுக்க என்றால் அது டன் கணக்கில். பாரம் ஒரே புள்ளியில் குவியாமல் இருப்பதுதான் நம் கவலை.

உங்கள் கூடத்தில் பீம் கீழே இறங்கித் தெரிகிறது என்றால் இன்னொரு வழியும் உண்டு. பீமின் அடியில் துளை போடாதீர்கள், அங்கே முக்கியக் கம்பிகள் நெருக்கமாகப் படுத்திருக்கும். பீமின் இரண்டு பக்கமும் தகடு வைத்து, பீமின் உயரத்தில் நடுப்பகுதியில் குறுக்கே துளைத்து, போல்ட் போட்டு இறுக்கி, அந்தத் தகடுகளிலிருந்து கொக்கியை இறக்கலாம். போல்ட் அப்போது பிடுங்கப்படாது, குறுக்கே கிடந்து சுமக்கும். பொறியாளர் பார்த்துச் சரி என்று சொன்னால், மொட்டைமாடியைத் தொடாமலே வேலை முடியும். மேலே இன்னொருவர் வீடு இருக்கும் ஆட்களுக்கு நான் சொல்வது இதைத்தான், அல்லது எதிரெதிர் பீம்களுக்கு நடுவே ஒரு கனமான இரும்புக் குழாயைத் தாங்கிகளில் பொருத்தி அதில் மாட்டுவது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கால் வைத்த ஊஞ்சல் ஸ்டாண்டு வாங்கிவிடலாம், அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஒன்றை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன்: பசையால் ஒட்டும் கெமிக்கல் ஆங்கரை நம்பித் தலைக்கு மேலே மனிதர்களைத் தொங்கவிடுவது. பக்கவாட்டு வேலைகளுக்கு அது அருமையான பொருள், நானே நிறையப் பயன்படுத்துகிறேன். ஆனால் இடைவிடாமல் கீழே இழுக்கும் பாரத்தில் சில பசைகள் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இளகும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் 2006 ஜூலை 10 அன்று இப்படி ஒட்டிய ஆங்கர்கள் நழுவி, சுமார் 26 டன் கான்கிரீட் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். தவறான வகை எப்பாக்ஸி பசை மெல்ல இளகியதுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். ஜப்பானில் சசாகோ சுரங்கத்தில் 2012 டிசம்பர் 2 அன்று ஒட்டு ஆங்கரில் தொங்கிய கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவை பொறியாளர்கள் பார்த்துக் கட்டியவை. நம் வீட்டில், கையில் டியூபை வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்கும் ஒருவர், துளையின் தூசியைக்கூட ஊதாமல் பசையை அழுத்திவிட்டுப் போவார்.

இனி தூளி. குழந்தை 3 கிலோவில் தொடங்கி 10 கிலோ வரை போகும், அவ்வளவுதான். ஆனால் கொக்கியை 10 கிலோவுக்குப் போடாதீர்கள். பெரிய பிள்ளை ஒன்று தொற்றி ஏறும், தூக்கக் கலக்கத்தில் எழும் அம்மா கயிற்றைப் பிடித்து ஊன்றுவார். ஒரு பெரிய ஆளின் எடையைத் தாங்குவதாக இருக்கட்டும். இதற்கு 10 அல்லது 12 மி.மீ. ஆங்கர், கான்கிரீட்டுக்குள் மட்டும் (பூச்சைக் கணக்கில் சேர்க்காமல்) குறைந்தது இரண்டரை அங்குலம் போனால் போதும். பிளாஸ்டிக் கட்டையும் ஸ்க்ரூவும் வேண்டாம். மரக்கட்டை அடித்து ஸ்க்ரூ முறுக்குவது அதைவிட மோசம், கட்டை காய்ந்து சுருங்கியதும் கையோடு வந்துவிடும்.

மின்விசிறிக் கொக்கியில் கட்டலாமா என்பதை எல்லோரும் கேட்பார்கள். தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்து விட்ட கொக்கி என்றால் அதன் வலு பாஸ்னரைவிட அதிகம், அது உண்மை. விசிறியைக் கழற்றிவிட்டு, ஒயர் முனைகளை எலக்ட்ரீஷியன் மூடிக் கட்டி, கொக்கியில் துரு இல்லை என்று பார்த்துவிட்டுக் கட்டினால் தப்பில்லை. விசிறியின் தண்டிலோ, விசிறி தொங்கும்போதே அதே கொக்கியிலோ கட்டவே கூடாது. புதிதாகப் போடும் கொக்கி, விசிறியின் நடுப்புள்ளியிலிருந்து மூன்றரை அடியாவது தள்ளி இருக்கட்டும். சாதாரண விசிறியின் இறக்கை இரண்டடி வரை நீளும், தூளி ஆடும்போது கயிறும் நகரும்.

துளை போடும் இடத்தில் மின்சாரக் குழாய் ஓடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தளத்துக்குள் அந்தக் குழாய்கள் அடிக்கம்பிக்கு மேலே படுத்திருக்கும், விசிறிப் பெட்டியிலிருந்து சுவிட்சுப் பலகை உள்ள சுவரை நோக்கியும், விளக்குகளை நோக்கியும். அந்தக் கோடுகளை மனதில் வரைந்து அவற்றைத் தவிருங்கள். மெயினை அணைத்துவிட்டு, டிரில்லுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்வது நல்லது. துளையில் பாதி போனதும் டிரில் கிரீச்சென்று கத்திக்கொண்டு இறங்காமல் நின்றால் கம்பி. அழுத்தி அறுக்காதீர்கள். மூன்று நாலு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டு, பழையதைக் கிரவுட்டால் அடையுங்கள். உயரமான புதுக் கட்டடங்கள் சிலவற்றில் தளத்துக்குள் இழுத்து இறுக்கிய இரும்புக் கேபிள் வைத்திருப்பார்கள், அப்படிப்பட்ட வீட்டில் பில்டரின் வரைபடம் இல்லாமல் ஒரு துளைகூடக் கூடாது. உங்கள் கட்டடம் அந்த வகை இல்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துளை போட்டதும் தூசியை ஊதி எடுக்க வேண்டும். சைக்கிள் பம்பே போதும். பிரஷ் விட்டுத் தேய்த்து மறுபடி ஊதுங்கள். தூசி இருந்தால் ஆங்கர் அந்தத் தூளைத்தான் பிடித்திருக்கும். கண்ணாடி போடாமல் அண்ணாந்து டிரில் பிடிக்க யாரையும் விடாதீர்கள், ஆள் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

ஆங்கர் எவ்வளவு பலமாக இருந்தாலும் கொக்கி இளித்துவிட்டால் பயனில்லை. கம்பியை வளைத்துச் செய்த, வாய் திறந்த கொக்கி பாரம் ஏற ஏற விரியும். வளையம் முழுதாக மூடிய, வெல்டு செய்த அல்லது அடித்துச் செய்த ஐ-போல்ட் வாங்குங்கள். 'எஸ்' கொக்கியில் தூளி மாட்டுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். ஆட்டும்போது ஒரு நொடி பாரம் குறைந்து மேலே எம்பினால் அது கழன்றுவிடும், ஸ்பிரிங் வைத்த தூளியில் இன்னும் சுலபமாக. முள் போட்டு மூடும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், அதைப் போடுங்கள். ஸ்பிரிங் வைத்தால், அது அறுந்தாலும் தூளி கீழே போகாதபடி ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு தளர்வான கயிற்றை மேலும் கீழும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஊஞ்சலுக்கு பேரிங் வைத்த கொக்கி வாங்கினால் சத்தமும் இருக்காது, தேய்மானமும் குறையும்.

தூளியின் அடி தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், கீழே ஒரு மெத்தை. தூளிக்கம்பை மறக்காதீர்கள். துணியை இருபுறமும் விரித்து வைத்தால்தான் குழந்தையின் முகத்தில் துணி மூடாது. குழந்தை இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். தொங்கும் சேலைக்குள் பெரிய பிள்ளைகள் சுற்றிச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிப்போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கொக்கியில் எந்தக் குறையும் இல்லாத வீடுகளிலும் அது நடந்திருக்கிறது.

மற்ற கூரைகளைப் பற்றி இரண்டு வார்த்தை, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் தேக்குக் கட்டைகளுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்பில் கட்டிய செங்கல். அதில் எந்த ஆங்கரும் நிற்காது. உத்திரத்தில்தான் தொங்கவிட வேண்டும், அதுவும் கரையான் அரித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்து, போல்ட்டை மேலே வரை துளைத்து நட்டு போட்டு. செட்டிநாட்டு வீடுகளில் ஊஞ்சல்கள் தலைமுறை தலைமுறையாகத் தொங்குவது உத்திரத்தின் பலத்தில்தான். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் என்றால், பலகை அரை அங்குலம்தான். அலங்காரத் தோரணத்துக்கு மேல் எதுவும் அதில் வேண்டாம். கனமான சரவிளக்கோ பூந்தொட்டியோ என்றால் பலகையைத் துளைத்து மேலே உள்ள கான்கிரீட்டிலிருந்து மரைக்கம்பி இறக்க வேண்டும். பூந்தொட்டியைத் தூக்கிப் பார்க்கும்போது தண்ணீர் ஊற்றிய பிறகு தூக்கிப் பாருங்கள், காய்ந்த மண்ணின் கனத்தை வைத்து ஏமாந்துவிடுவோம். துணி காயப்போடும் கப்பிக் கொடிக்கும் அதே கணக்குதான்.

எந்த வீடாக இருந்தாலும், துளை போடும் முன் அந்த இடத்தைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டுங்கள். கெட்டியான தளம் 'டிக் டிக்' என்று பேசும். 'டொப் டொப்' என்றால் பூச்சு விட்டிருக்கிறது, அல்லது உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைப் பிளந்திருக்கிறது. ஈரக்கறை, பழுப்பு நிறக் கோடு, முடி மாதிரி நேர்க்கோட்டில் விரிசல் இருந்தாலும் அதே சந்தேகம்தான். அந்த இடத்தில் தொங்கவிடுவதை மறந்துவிட்டு முதலில் தளத்தைச் சரிசெய்யுங்கள்.

வேலை முடிந்ததும் கிரவுட்டுக்கு ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஊஞ்சலில் ஆளை ஏற்றாமல் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஆறு ஏற்றுங்கள், 300 கிலோ ஆகிவிடும். பலகை தரையிலிருந்து நாலு அங்குலம் மட்டும் இருக்கும்படி சங்கிலியை நீட்டி வைத்துக்கொண்டு ஏற்றினால் விழுந்தாலும் ஆபத்தில்லை. ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் கோடு நகர்ந்திருந்தாலோ, கீழே தூள் உதிர்ந்திருந்தாலோ, மயிரிழை விரிசல் கண்டாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள். தூளிக் கொக்கிக்கு ஒரு சிமெண்ட் மூட்டையும், அதோடு 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

அப்புறம், போட்டுவிட்டோம் என்று மறந்துவிடக் கூடாது. இரும்பில் இரும்பு உரசும் இடத்தில், ஐ-போல்ட்டின் உள்வளைவில், பள்ளம் விழும். ஏணி வைத்து ஏறி, விரலை உள்ளே விட்டுத் தடவினால் தெரியும். கம்பியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே நான் மாற்றிவிடுவேன். தூளிக்கு மாதம் ஒருமுறை, கயிற்றின் முடிச்சோடு சேர்த்து. ஊஞ்சலுக்கு, ஆயுதபூஜைக்கு வீட்டைத் துடைத்துச் சங்கிலிக்குப் புளி போட்டு விளக்குவீர்களே, அன்றைக்கு ஏணியை எடுத்துப் போட்டு மேலே கொக்கியையும், மாடிக்குப் போய் அந்த ஓரடிச் சதுரத் தட்டோட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.